கரண்ட் போனாலும் கணக்கு போகக் கூடாது: வடசென்னையின் சின்ன அலுவலகச் சர்வருக்கு எதை முதலில் வாங்குவது?

தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. மூன்றிலும் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கும். அதில்தான் பத்து வருடக் கணக்கு இருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு அது பூட் ஆகாமல் நிற்கும். அல்லது பூட் ஆகும், ஆனால் நேற்றைய பில்கள் திறக்காது. இனி இப்படி ஆகக் கூடாது என்று விசாரிக்க ஆரம்பித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரிய யூபிஎஸ் போடுங்கள் என்பார் ஒருவர். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்தை இசட்எஃப்எஸ் வகைக்கு மாற்றினால் எதுவும் ஆகாது என்பார் இன்னொருவர். பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு, கிளவுட் என்று பட்டியல் நீளும்.

இவை எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆபத்தைத் தடுப்பவை. ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. என் வரிசை இது: முதலில் சர்வரோடு பேசும் யூபிஎஸ், அடுத்து மின்தடையைத் தாங்கும் டிஸ்க், அதற்கு அப்புறம்தான் ஃபைல் சிஸ்டம். பேக்கப் இந்த வரிசையிலேயே சேராது. இன்று எது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது இருந்தே ஆக வேண்டும்.

வரிசை ஏன் இப்படி என்று புரிய, கரண்ட் போகும் அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் சேவ் அழுத்தியதும் டிஸ்கில் எழுதியாகிவிட்டது என்று திரை காட்டுகிறது. பெரும்பாலும் அது ராமில்தான் இருக்கிறது. லினக்ஸ் வழக்கமான அமைப்பில் அப்படி எழுத வேண்டியதை 30 செகண்ட் வரைகூட ராமில் வைத்திருக்கும். அங்கிருந்து டிஸ்குக்குப் போனாலும் வேலை முடிவதில்லை. டிஸ்குக்குள்ளேயே ஒரு கேஷ் இருக்கிறது, அதுவும் கரண்ட் போனால் அழியும் நினைவகம்தான். ஆக, இரண்டு இடங்களில் தரவு தொங்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த 30 செகண்ட் வேலை போவது பெரிய இழப்பு இல்லை. திரும்ப டைப் செய்துவிடலாம். எழுதும் வரிசை குலைவதுதான் உண்மையான சேதம். இந்த இடம் காலி என்று ஒரு பட்டியல் சொல்லும், அதே இடத்தில் ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டரில் பெயர் ஏறியிருக்கும், உள்ளடக்கம் வந்து சேர்ந்திருக்காது. இதைத் தடுக்கத்தான் ஜர்னல் வந்தது. கடையில் பேரேட்டில் ஏற்றும் முன் சிட்டையில் குறித்து வைப்பது போல, செய்யப்போகும் மாற்றத்தை ஃபைல் சிஸ்டம் முதலில் ஜர்னலில் எழுதுகிறது. நடுவில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் ஜர்னலைப் படித்து, முடிந்ததை ஏற்றி, முடியாததை விட்டுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபைல் சிஸ்டம் சரியாக இருப்பது வேறு, ஃபைலுக்குள் இருக்கும் கணக்கு சரியாக இருப்பது வேறு. லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் மூன்றுமே வழக்கமான அமைப்பில் ஃபைலின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களைத்தான் ஜர்னலில் எழுதுகின்றன, ஃபைலின் உள்ளடக்கத்தை எழுதுவதில்லை. அதனால் சோதனை ஓட்டினால் 'எல்லாம் சரி' என்று வரும். திறந்தால் இன்வாய்ஸ் ஃபைல் பூஜ்ஜியம் பைட் காட்டும். ஜர்னல் இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

யூபிஎஸ்

அலுவலகங்களில் யூபிஎஸ் இல்லாமல் இல்லை. அதன் பின்னால் இருக்கும் யூஎஸ்பி கேபிள்தான் பெட்டியை விட்டு வெளியே வராமலே கிடக்கிறது. அந்தக் கேபிள் இல்லாத யூபிஎஸ் கரண்ட் போவதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்ததும் சர்வர் அதேபோல் தடாலென்று அணையும்.

ஆள் இருக்கும்போது பீப் சத்தம் கேட்டு யாராவது ஷட்டௌன் செய்வார்கள். இரவில்? 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையின் பல பகுதிகள் இருட்டில் கிடந்தன. பாரிமுனையில் அந்த நேரத்தில் எத்தனை அலுவலகங்களில் ஆள் இருந்திருப்பார்கள்? சர்வர் தானாக அணைய வேண்டும். லினக்ஸில் நட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் இதைச் செய்கிறது. ஏபிசி யூபிஎஸ் என்றால் ஏபிசியூபிஎஸ்டி என்ற மென்பொருளும் உண்டு. இரண்டும் இலவசம். விண்டோஸில் பல யூபிஎஸ்கள் யூஎஸ்பி சொருகியதும் லேப்டாப் பேட்டரி போலவே தெரியும். பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரி குறைந்தால் என்ன செய்வது என்று அமைத்துவிடலாம்.

அமைக்கும்போது 'பேட்டரி குறைவு' சிக்னலை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி பழசானால் யூபிஎஸ் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே சட்டென்று விழும். பேட்டரியில் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆனால் ஷட்டௌன் என்று நேரக் கணக்கில் வைப்பது பாதுகாப்பானது. நம் பக்கம் கரண்ட் கட் பெரும்பாலும் ஒன்று சில நொடியில் திரும்பும், இல்லையென்றால் அரை மணிக்குக் குறையாது. நடுவில் இருந்து வேடிக்கை பார்ப்பதில் லாபம் இல்லை.

எவ்வளவு பெரிய யூபிஎஸ் வேண்டும் என்றால், நினைப்பதைவிடச் சின்னதே போதும். 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது 84 வாட்-ஹவர். மாற்றும்போது ஆகும் இழப்பெல்லாம் போக, 100 வாட் இழுக்கும் சர்வரைப் புது பேட்டரி அரை மணிக்குள்தான் தாங்கும். சர்வர் ஒழுங்காக அணைய அதுவே தாராளம். நான்கு மணி நேரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பணத்தைக் கொட்டுவதைவிட, ஐந்து நிமிடத்தில் சுத்தமாக அணையும் அமைப்பே மேல்.

ஒன்று மறக்கக் கூடாது. இந்த பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், ஐந்து வருட பேட்டரி என்பது இரண்டு மூன்று வருடம்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று டெர்மினலையும் அரிக்கும். பேட்டரி மாற்ற வேண்டிய மாதத்தை யூபிஎஸ் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

ஆஃப்லைன், லைன்-இன்டராக்டிவ், ஆன்லைன் என்று மூன்று வகை கேட்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், உள்ளீடு நின்றாலும் 16 மில்லிசெகண்ட் அளவுக்கு வெளியீட்டைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட். அதாவது ஒரு முழு சுழற்சி அளவுகூட இல்லை. நல்ல ஆஃப்லைன் யூபிஎஸ் 10 மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும் என்பதால் சமாளிக்கும். ஆனால் பழைய கட்டடங்கள் நிறைந்த ஜார்ஜ் டவுனில் கரண்ட் போவதைவிட, குறைந்த வோல்டேஜில் வந்து வந்து போவதுதான் தொல்லை. அங்கே வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சரி செய்யும் லைன்-இன்டராக்டிவ் வகையைத்தான் சொல்வேன். ஆன்லைன் யூபிஎஸ் இன்னும் நல்லது, ஆனால் விலை பல மடங்கு, சூடும் அதிகம். அந்தப் பணத்தில் டிஸ்கை மாற்றலாம். எதை வாங்கினாலும் முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்பார்கள். 150 ஆம்பியர்-ஹவர் ட்யூபுலர் பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் மணிக்கணக்கில் ஓடும், உண்மை. இரண்டு குறை. வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் சர்வருக்கு எந்தச் சிக்னலும் தராது. பல மாடல்களில் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும்; அதைப் போடாவிட்டால் மாறும் நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இதற்கு நல்ல வழி உண்டு. இன்வெர்ட்டரின் வெளியீட்டில் ஒரு சின்ன யூபிஎஸ்ஸை வைத்து, அதிலிருந்து சர்வருக்குக் கரண்டும் யூஎஸ்பி கேபிளும் கொடுங்கள். மின்வாரியக் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும், மாறும் இடைவெளியை யூபிஎஸ் நிரப்பும், இன்வெர்ட்டரும் தீர்ந்தால் யூபிஎஸ் சர்வரை அணைக்கும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் யூபிஎஸ் அதைச் சரியான மின்சாரமாக ஏற்காமல் போகலாம். ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முழுமையான ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து.

நெட்வொர்க் ஸ்விட்சையும் யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டும். ஷேர் செய்த ஃபோல்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேரடியாக எழுதும் கணக்கு மென்பொருள்களில், சர்வர் உயிரோடு இருந்தும் பாதி எழுதும்போது ஸ்விட்ச் அணைந்தால் ஃபைல் கெடும். சர்வரைக் காப்பாற்றிவிட்டோம், பிறகு எப்படிக் கெட்டது என்று குழம்புவார்கள்.

டிஸ்க்

யூபிஎஸ்ஸே பழுதாகும், யாராவது பிளக்கைப் பிடுங்குவார்கள், எஸ்எம்பிஎஸ் புகையும். அப்போது கடைசிக் காவல் டிஸ்குதான். இந்த இடத்தில் சாதாரண எஸ்எஸ்டி பழைய ஹார்ட் டிஸ்கைவிட மோசமாக நடந்துகொள்ளலாம்.

எஸ்எஸ்டியில் ஒரு செல்லில் இரண்டு, மூன்று பிட்கள் அடுக்கி எழுதப்படுகின்றன. போன வருடம் எழுதிய பிட் இருக்கும் செல்லில் இன்று அடுத்த பிட்டை எழுதும்போது கரண்ட் போனால், போன வருடத்தது கெட வாய்ப்புண்டு. எந்த ஃபைல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடமும் எஸ்எஸ்டியின் கேஷில் மாறிக்கொண்டே இருக்கிறது. அது பாதியில் நின்றால் டிஸ்க் முழுவதுமே அடையாளம் தெரியாமல் போகலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்எஸ்டிகளில் திரும்பத் திரும்பக் கரண்டை வெட்டிப் பார்த்தார்கள். 13ல் ஏதோ ஒரு வகைக் கோளாறு வந்தது. அதற்குப் பிறகு எஸ்எஸ்டிகள் முன்னேறியிருக்கின்றன என்றாலும், மலிவு வகைகளில் அடிப்படை ஆபத்து நீங்கிவிடவில்லை.

பவர் லாஸ் புரொடெக்ஷன் உள்ள எஸ்எஸ்டியில் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனதும் அவற்றில் இருக்கும் மின்சாரத்தை வைத்து, கேஷில் இருப்பதையும் வரைபடத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் டிஸ்க் அணையும். வாங்கும்போது அட்டையில் அந்த வார்த்தையைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. சில மாடல்கள் ஏற்கெனவே எழுதி முடித்த தரவை மட்டும்தான் காக்கும், எழுதிக்கொண்டிருப்பதைக் காக்காது. நிறுவனத்தின் விவரப் பட்டியலில் கெபாசிட்டர் பற்றியும், கேஷில் இருக்கும் தரவு பற்றியும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். டேட்டா சென்டருக்கென்று விற்கப்படும் தொடக்கநிலை சாட்டா எஸ்எஸ்டிகளில் பொதுவாக இது இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் முதலில் இல்லை என்பார்கள், மாடல் எண்ணைச் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். விலை கூடுதல்தான். ஆனால் இன்னொரு ஆதாயம் உண்டு: எழுதி முடித்தாயா என்று டேட்டாபேஸ் கேட்கும்போது இந்த டிஸ்க் காத்திருக்காமல் உடனே ஆம் என்று சொல்ல முடியும், அதுவும் பொய் இல்லாமல். பில் போடும் வேகம் கண்ணுக்குத் தெரிந்து கூடும்.

டிஸ்க் மாற்ற முடியாதவர்கள் டிஸ்கின் ரைட் கேஷை அணைத்து வைக்கலாம். ஹார்ட் டிஸ்கில் இது வேலை செய்யும், வேகம் நன்றாகவே குறையும். அதற்கு நேர் எதிராக, வேகத்துக்காக லினக்ஸில் எழுதும் வரிசையைக் காக்கும் பேரியரை எடுத்துவிடுங்கள் என்றோ, விண்டோஸில் கேஷில் இருப்பதை உடனே டிஸ்கில் எழுத வைக்கும் கேஷ் ஃப்ளஷ்ஷிங்கை நிறுத்தும் பெட்டியில் டிக் போடுங்கள் என்றோ யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அந்த ஒரு டிக் மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பையும் வீணாக்கும்.

ரெய்டு பற்றிச் சுருக்கமாக: அது டிஸ்க் சாவதற்கான காப்பு, மின்தடைக்கானது இல்லை. கெட்டுப்போன ஃபைலை அது இரண்டு டிஸ்கிலும் அச்சாக எழுதி வைக்கும். பேட்டரி வைத்த ரெய்டு கார்டு என்றால் கேஷைக் காக்கும். அந்த பேட்டரியும் சாகும், அதையும் யாராவது கவனிக்க வேண்டும்.

ஃபைல் சிஸ்டம்

லினக்ஸ் சர்வரில் ஏற்கெனவே ஈஎக்ஸ்டி4 ஓடுகிறது, மேலே சொன்ன இரண்டும் செய்தாகிவிட்டது என்றால், மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. 2008 கடைசியில் லினக்ஸ் கெர்னலில் நிலையான வடிவமாக வந்தது முதல் அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. பழுது பார்க்கும் கருவியும் முதிர்ந்தது. கெட்டால் சரி செய்யத் தெரிந்த ஆள் பெரம்பூரிலேயே கிடைப்பார். உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதும் டேட்டா ஜர்னல் முறை அதில் உண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதுவதால் மெதுவாகும். டேட்டாபேஸ் தன் சொந்த ஜர்னலை வைத்திருப்பதால் பெரும்பாலும் அது தேவைப்படாது.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய ஃபைல்களுக்குச் சிறந்தது, 2014ல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7லிருந்து அதுதான் அங்கே வழக்கமான தேர்வு. மின்தடை விஷயத்தில் ஈஎக்ஸ்டி4ஐவிட மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல முடியாது. ஒரே எச்சரிக்கை: டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவில்லை என்றதும் ஜர்னலை அழிக்கும் ஆப்ஷனோடு ரிப்பேர் ஓட்டாதீர்கள். முடிந்தால் முதலில் டிஸ்கை முழுவதுமாக நகல் எடுத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

இசட்எஃப்எஸ் வேறு ரகம். பழைய தரவின் மேல் எழுதாமல், புது இடத்தில் எழுதி முடித்து, கடைசியில் ஒரே படியில் புதுப்பதிப்புக்கு மாறுகிறது. நடுவில் கரண்ட் போனால் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால் எந்த ஃபைல் கெட்டது என்று பெயர் சொல்லிக் காட்டும். ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் வைக்கும் மிரரில் இருந்தால் நல்ல பிரதியை வைத்துத் தானே சரி செய்யும். ஒரே டிஸ்க் என்றால் கெட்டதைச் சொல்லும், திருத்த முடியாது. ராம் தாராளமாக வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்குப் புரியுமா என்பதையும் யோசியுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸும் இதே வழியில் போகிறது. தனி டிஸ்கிலும் மிரரிலும் நல்லது, அதன் ரெய்டு 5, 6 வகைகளை மட்டும் தொடாதீர்கள், மின்தடை அவற்றின் பலவீனம்.

ஸ்கேன் செய்த பில் ஆஃப் லேடிங், எக்ஸ்ரே படங்கள், பழைய பத்திரங்கள் என்று வருடக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் ஃபைல்கள்தான் உங்கள் சொத்து என்றால், இசட்எஃப்எஸ் மிரருக்குச் செலவிடலாம். அவை மெல்லக் கெட்டால் யாருக்கும் தெரியாது, செக்சம்தான் சொல்லும். நாள் முழுக்க பில் போடும் டேட்டாபேஸ் என்றால் அந்தப் பணம் டிஸ்குக்கே போகட்டும், கூடவே டேட்டாபேஸ் அமைப்பையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்கள் பழைய மைஐஎஸ்ஏஎம் வகையில் இருந்தால் இன்னோடிபிக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கமிட்டையும், அதாவது முடிந்த பதிவையும், உடனே டிஸ்குக்கு அனுப்பும் அமைப்பு 1 என்று இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எஃப்சிங்க், ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்ற இரண்டு அமைப்புகளையும் அணைக்காமல் விட்டால் போதும். விண்டோஸில் டேலி ஓடும் கடைக்கு ஃபைல் சிஸ்டம் பற்றி யோசிக்கவே வேண்டாம்: என்டிஎஃப்எஸ், கேபிள் சொருகிய யூபிஎஸ், தினமும் டேலியிலிருந்தே எடுத்த பேக்கப்.

கிளவுடுக்குப் போனால் மின்தடை அவர்கள் பிரச்சினை ஆகிவிடும், அது உண்மையான நன்மை. மாத வாடகை உண்டு, இன்டர்நெட் நின்றால் வேலையும் நிற்கும். இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகத்துக்கு, புது சர்வர் வாங்கும் நிலை வந்தால், நான் அதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

பேக்கப்பில் ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் தண்ணீர் நின்றது, கரண்ட் நாட்கணக்கில் வரவில்லை. தரைத்தளத்தில், தரையோடு வைத்த சர்வருக்கும் பக்கத்திலேயே வைத்த பேக்கப் டிஸ்குக்கும் அப்போது ஒரே கதிதான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் போன்ற தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் யூபிஎஸ்ஸையும் சர்வரையும் மேசை உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள்.

எல்லாம் வாங்கி மாட்டிய பிறகு ஒரு சோதனை பாக்கி. பராமரிப்புக்காக காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று உங்கள் பகுதிக்கு அறிவிப்பு வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். முந்தின இரவே பேக்கப் எடுத்து, அதைவிட முக்கியமாக, வேறொரு கம்ப்யூட்டரில் அதை ரீஸ்டோர் செய்து கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் சர்வரில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் அது தானாக அணைய வேண்டும், அணைந்ததும் யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை நிறுத்த வேண்டும். 2 மணிக்கு வரும் கரண்ட் இரண்டு மூன்று தடவை வந்து போகும் என்பதால், பேட்டரி கொஞ்சம் ஏறிய பிறகே வெளியீடு தரும்படி யூபிஎஸ்ஸில் அமைப்பு இருந்தால் போட்டு வையுங்கள். பயாஸில் கரண்ட் வந்ததும் ஆன் ஆகும்படி அமைத்திருந்தால் சர்வர் தானே எழும். எழுந்ததும் லாக்கைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் ஜர்னலை மீட்கிறேன் என்ற வரியோ, விண்டோஸில் எதிர்பாராத ஷட்டௌன் என்ற குறிப்போ இருந்தால் சர்வர் ஒழுங்காக அணையவில்லை என்று அர்த்தம். கேபிளையும், அந்த ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்க வேண்டுமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.